அறுபத்துநாலாம் நம்பரின் இடது கால்

ஆர்வில் டிவோராக் எதிரணிப் பையன்களோடுதான் குடித்தனம் நடத்தினார். அது அந்தப் பையன்களுக்குத் தெரியாது.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்து டாமர் கல்லூரி ஃபுட்பால் அணிக்கு வேவு பார்ப்பது அவர் வேலை. ஃபுட்பால் என்று பேரே தவிர, காலால் உதைக்க ஒன்றிரண்டு பேரைத்தான் வைத்திருப்பார்கள். மற்றவர்கள் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், இல்லை ஓடுகிறவனைச் சாய்ப்பார்கள். சனிக்கிழமை மோதப்போகும் அணிகள் தங்கள் பழைய ஆட்டப் படங்களை ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும். அது அங்கே மரியாதை. முன்பு துடைப்பம் வைத்திருந்த ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து, அந்தப் படத்தை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்ப்பார் ஆர்வில்.

ஒருவன் குனிந்து நிற்பதைப் பார்த்தே, காலையில் அவன் அம்மா போன் செய்தாளா என்று சொல்லிவிடுவார். மளிகைக் கடையில் எதிரே வரும் அம்மாள் எந்தப் பக்கம் வண்டியைத் திருப்புவாள் என்று அவளுக்கே தெரியும் முன் விலகி நிற்பார். மனைவி மார்லீன் ஒரு பல் டாக்டரோடு ஒமாஹாவுக்குக் கிளம்பியதை மட்டும் பெட்டி வாசலைத் தாண்டிய பிறகுதான் கவனித்தார். அவளை யாரும் படம் பிடிக்கவில்லையே.

அந்த வாரம் ஹாலர் கிரீக் கல்லூரி. அவர்கள் தற்காப்பு சுலபம்: கடைசி வரிசை ஆள் பல்லில் மாட்டிய ரப்பர் உறையை மென்றால் பாய்ந்து வருவான், மெல்லாவிட்டால் பின்வாங்குவான். தாக்குதலில் அறுபத்துநாலாம் நம்பர், கேலெப் ஓபர்லி என்ற மலை போன்ற பையன். குனிந்து நிற்கையில் தரையில் ஊன்றிய அவன் விரல்முட்டி வெளுத்தால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள்; வெளுக்காவிட்டால் வீசப்போகிறார்கள்.

புதன்கிழமை இன்னொன்று தெரிந்தது. ஒவ்வொரு முட்டலுக்குப் பிறகும், யாரும் பார்க்காத நொடியில், பையன் இடது காலைத் தூக்கி உதறினான். வலியை மறைக்கிறான். சொன்னால் வெளியே உட்காரவைத்துவிடுவார்கள். ஆர்வில் சாண்ட்விச் தின்னும்போதெல்லாம் எதிரே திரையில் துணைக்கு இருந்தவன் அவன்தான்.

பயிற்சியாளர் ஹாஸ்கெல் வந்து எட்டிப் பார்த்தார். "இந்தத் தடவையும் தோத்தா உன் வேலைய கம்ப்யூட்டர்கிட்ட குடுக்கறதா மேல பேசிக்கறாங்க ஆர்வில். வேற ஏதாச்சும் சிக்குச்சா?"

இடது கால் என்று சொன்னால் போதும். டாமரின் தடிப்பையன்கள் அத்தனை பேரும் அந்தக் கால் மேலேயே போய் விழுவார்கள்.

"பல்லப் பாருங்க, வெரலப் பாருங்க கோச்," என்றார் ஆர்வில். "வேற ஒண்ணுமில்ல."

சனிக்கிழமை டாமர் பையன்கள் ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்து பையன்கள் கைகுலுக்கும்போது ஆர்வில், மேலேயிருந்து ஆட்டம் பார்க்கும் கண்ணாடி அறையிலேயே இருந்துவிடுவது வழக்கம். அன்று இறங்கிப் போய், அந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தார். வாரமெல்லாம் கூட இருந்தவன் ஆயிற்றே என்று அறுபத்துநாலின் முதுகில் தட்டி, "இடது காலு எப்படி இருக்கு கேலெப்? ஐஸ் வைக்கறியா?" என்று கேட்டுவிட்டார்.

பையன் பின்வாங்கினான். "எங்க ட்ரெயினருக்கே தெரியாது. நீங்க யாரு சார்?"

இருவரும் சந்தித்ததே இல்லை என்பது அப்போதுதான் ஆர்விலுக்கு உறைத்தது. "உன் படம் பாக்கறவன்," என்றார்.

"தெரிஞ்சுமா அந்தப் பக்கம் ஆள அனுப்பல?"

"படம் கொஞ்சம் மங்கல்," என்று சொல்லிவிட்டு ஆர்வில் நடையைக் கட்டினார்.

கம்ப்யூட்டர் வந்தது. மைதானத்தில் இறங்கிய காட்டு வாத்துக் கூட்டத்தையும் ஒரு தாக்குதல் வரிசையாக எடுத்துக்கொண்டு, அது வலப்பக்கம் போகும் என்று சொல்லியது. வாத்துகள் வலப்பக்கம்தான் போயின. ஆனாலும் ஆர்விலை வைத்துக்கொண்டார்கள்.

மறுவருஷம் ஹாலர் கிரீக் படம் வந்தது. முதல் ஆட்டத்தில் வரிசையில் குனியுமுன் அறுபத்துநாலு திரும்பி, உச்சியிலிருந்த காமிராவை நேராகப் பார்த்து, இடது காலைத் தூக்கி நிதானமாக ஆட்டிக் காட்டிவிட்டு, ஓங்கி ஊன்றினான். ஆர்வில் அதையே திரும்பத் திரும்ப ஓட்டினார்.

"அது என்ன, சைகையா?" என்றார் வாசலில் நின்ற ஹாஸ்கெல்.

"ஆமா கோச்."

"என்ன அர்த்தம்?"

"காலு சரியாப்போச்சாம்."

ஹாஸ்கெல் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அது ஓட்டத்துக்கான சைகை என்று தற்காப்புப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனார்.

ஆர்வில் கதவைச் சாத்தினார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே திரைக்கு நேராகத் தன் இடது காலைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். அந்த அறையில் காமிரா இல்லை.