பிடுங்கக் கூடாத ஒரு மாதம்

...ஆனால் வெளிச்சம் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தது அவள் செய்யும் வேலைக்கே அவமானம்தான், மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க வெளிச்சத்தை வளைத்து விற்கிறவள் அவள், இப்போது கண்ணுக்கு மேல் கறுப்பு மூடியைப் போட்டுக்கொண்டு மல்லாந்து படுத்து, வெளிச்சத்தில் எத்தனை வகை உண்டு என்று இன்னொருத்தி சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த வெள்ளைக்கோட்டுப் பெண்ணுக்கு வயது அதிகம் இருக்காது, குரலில் தூக்கம் இருந்தது, இதே விளக்கத்தைக் காலையிலிருந்து எத்தனை முகவாய்களுக்குச் சொல்லியிருப்பாளோ. லைட் மெஷின் எல்லா நிறத்தையும் கலந்து ஒரேயடியாக அடிக்குமாம், கேமரா ஃபிளாஷ் மாதிரி, லேசர் ஒரே நிறமாம், நேராக உள்ளே இறங்குமாம். "தெருவுல நின்னு யாராச்சும் வாங்கன்னு கத்துறது லைட்டு மேடம். பேரைச் சொல்லிக் கூப்பிடுறது லேசர்," என்றாள். சிரிக்கவேண்டிய இடம் போலிருந்தது, மூடிக்குக் கீழே சிரித்தால் தெரியுமா... உதடு தெரியும், உதட்டுக்குக் கீழே இருப்பதும் தெரியும், அதற்காகத்தானே வந்திருக்கிறாள், இங்கேயும் மறைக்கவேண்டும் என்று கை ஏன் துடிக்கிறது.

கை துடிப்பது பழக்கம். கடையில் வாடிக்கையாளருக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான், இரண்டு கண்மணிகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று ஸ்கேலை வைத்து அளக்கும்போது அவர்கள் பார்ப்பதற்கு அவள் முகத்தைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது, அதனால் "நேரா என் நெத்தியைப் பாருங்க" என்பாள், நெற்றி, எப்போதும் நெற்றி, கடைக்குப் புதிதாக வந்த பெண்கூட அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு எல்லாரையும் நெற்றியைப் பார்க்கச் சொல்கிறாள், அதுதான் முறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள் பாவம். முதலாளி ஒருமுறை, உங்க அளவு மட்டும் எப்பவும் பிசகறதே இல்லம்மா என்று பாராட்டினார். பிசகாது, சீக்கிரம் அளந்துவிட்டு முகத்தைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டுமே... அந்த அவசரத்தில் வந்த திறமை அது.

ஜில்லென்று ஏதோ பசை இடது தாடையில் வழிந்தது. இப்படிப் படுப்பதற்கு முன்னாலேயே ஒரு கூத்து நடந்து முடிந்துவிட்டது, வெள்ளைக்கோட்டு உருப்பெருக்கி விளக்கை இழுத்து முகவாயைப் பார்த்தவள், விளக்கை இன்னும் கிட்டே இழுத்துப் பார்த்துவிட்டு, "மேடம், இங்க ஒண்ணுமே இல்லையே," என்றாள். இருக்காதுதான். குளியலறை ஜன்னல் பக்கம் நின்று இடுக்கியால் ஒவ்வொன்றாக வேரோடு எடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள், வெளி மனுஷர் பார்க்கப் போகிறார்கள், சுத்தமாகப் போகவேண்டாமா, விருந்தாளி வருவதற்குள் வீட்டைப் பெருக்குகிற புத்தி, டாக்டரிடம் போவதற்கு முன்னால் காய்ச்சலைக் குறைத்துக்கொண்டு போன மாதிரி. வெள்ளைக்கோட்டு கோபிக்கவில்லை, கோபித்திருந்தால் பரவாயில்லை. "வேரோட எடுத்துட்டு வந்தா நாங்க எதைச் சுடுறது?" என்று மட்டும் கேட்டாள். முடியின் கறுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வெளிச்சம் வேர் வரைக்கும் போகுமாம், கறுப்பு இல்லையென்றால் லைட்டானாலும் லேசரானாலும் வழி தெரியாமல் நின்றுவிடுமாம், இதனால்தான் நரைத்த முடியை ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு அவள் நெற்றியோரத்தை ஒருதரம் பார்த்தாள், அந்தப் பார்வையை இவள் கவனிக்காத மாதிரி இருந்துகொண்டாள். வந்ததற்குத் தாடையோரம் இரண்டு பக்கமும் கொஞ்சம் பூனைமுடி மிச்சம் இருக்கிறது, தோல் தாங்குகிறதா என்று அங்கே சோதித்துப் பார்த்துவிடலாம், இடது பக்கம் லைட், வலது பக்கம் லேசர், எது ஒத்துக்கொள்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். புடவைக் கடையில் இரண்டு துணியை இரண்டு தோளில் போட்டுப் பார்க்கிற மாதிரி.

மூடிய இமைக்குள் சிவப்பாக ஒரு வீச்சு, தாடையில் சூடு பரவியது, இன்னொரு வீச்சு. வலி என்று சொல்ல முடியாது, இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோன மாதிரி... இந்த வீச்சு அவளுக்குப் பழக்கம்தான், நாத்தனார் வாங்கி வைத்திருந்த கையடக்க மெஷினும் இந்த ஜாதிதான். நாத்தனாருக்குப் பிடித்த பொருள் எதுவானாலும் அது குடும்பத்தில் எல்லாருக்கும் பிடித்தாக வேண்டும், தன் முழங்காலை நீட்டிக் காட்டி, டார்ச் அடிச்சா திருடன் ஓடுற மாதிரி ஓடிடுச்சு அண்ணி என்றாள். காலுக்கு என்று சொல்லித்தான் இவளும் இரவல் வாங்கினாள். கதவைத் தாழிட்டுக்கொண்டு முகவாயில் வைத்தால் மெஷின் மூன்று தரம் சிவப்பாகக் கண் சிமிட்டியது, வெளிச்சம் வரவில்லை, கூட வந்த அட்டையில் பார்த்தால் தோல் இந்த நிறத்துக்கு மேல் கறுப்பாக இருந்தால் மெஷின் தானே நின்றுவிடும் என்று படம் போட்டிருந்தது, முடிக்கும் தோலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாதாம், சுட்டுவிடுமாம். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள், சமர்த்தாக அடித்தது. வெளியே கணவன் கதவுக்குக் கீழே வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன, போட்டோ ஸ்டுடியோவா நடத்துறே?" என்று கேட்டான், ஆமாம், அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டு வாங்க என்று இவளும் ஏதோ சொன்னாள், அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். எவ்வளவு சுலபமாகப் போய்விடுகிறான், இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம்... கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்.

சொல்லியிருக்க மாட்டாள். கல்யாணமான புதிதில், அவன் லிஃப்ட் ரிப்பேர் செய்யும் கம்பெனியில் ஒரு மேனேஜரம்மா இருந்ததைப் பற்றிச் சொன்னான், கெட்டிக்காரி, ஆனா எங்களுக்குள்ள அவங்களுக்கு இன்ஸ்பெக்டர்னு பேரு, மீசைக்காக என்று சொல்லிவிட்டு உதட்டுக்கு மேலே இரண்டு விரலால் முறுக்கிக் காட்டினான். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, அவன் கெட்டவனே இல்லை, சாப்பிட்டுக்கொண்டே போகிறபோக்கில் சொன்னதுதான், அவனைவிட இவள்தான் உரக்கச் சிரித்தாள், மறுநாளிலிருந்து அவன் எழுவதற்கு முன்னால் எழுந்தாள். நாலு வருஷம். ஒரு நாள்கூடத் தவறவில்லை. மாமியார்கூட, இந்தக் காலத்தில் இப்படி விடியுமுன் எழுகிற மருமகளா என்று ஊரெல்லாம் பெருமை பேசினார்.

"இப்ப லேசர். கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும்," என்றது குரல். சுருக்கென்றா இருந்தது, ரப்பர் பேண்டை இழுத்துத் தாடையெலும்பில் விட்ட மாதிரி இருந்தது, ஒரு புள்ளி, ஒரே புள்ளி, அங்கிருந்து மெல்லக் கருகிய முடியின் வாடை வந்தது, ஆமாம், பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறது. உங்க நிறத்துக்கு இதுதான் சரி மேடம், இந்த லேசர் மேல் தோலைக் கண்டுக்காம ஆழத்துக்குப் போயிடும், லைட்டுன்னா சூட்டைக் குறைச்சுக் குறைச்சு வைக்கணும், நாள் இழுக்கும், ஆனால் இதில் வலி அதிகம், இதிலும் ஒரேயடியாகப் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், ஹார்மோனால் வருகிற முடி, அவ்வப்போது வந்து தொட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும் என்று வெள்ளைக்கோட்டு நேர்மையாகச் சொல்லிக்கொண்டே போனாள். இவளுக்கு மனதுக்குள் பிடித்துவிட்டது, லேசர்தான், ஒரு தடவை சுருக்கென்று வலித்தாலும் உண்மையாக வலிக்கிறது. அதற்குப் பிறகுதான் அந்த நிபந்தனை வந்தது. முதல் சிகிச்சைக்கு இன்னும் ஒரு மாதம், அதுவரைக்கும் இடுக்கி கூடாது, நூல் கூடாது, வேர் இருக்க வேண்டும். அதுவரைக்கும் வளர்வதை என்ன செய்வது? ஷேவ் பண்ணிக்கலாம் மேடம். ஷேவ். காலையில் பண்ணினால் சாயங்காலம் முள்ளாகக் குத்துமே. குத்தும்தான். "வெளியில உக்காந்திருக்கறது வீட்டுக்காரரா? தெரியுமா அவருக்கு?" தோல் அலர்ஜி என்று சொல்லியிருக்கிறாள். அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க என்று வெள்ளைக்கோட்டு பசையைத் துடைத்தாள், ஒருத்தங்க இந்த ஒரு மாசத்துக்கும் அக்கா வீட்டுக்குப் போயிட்டாங்க, ஏன்னு சொல்லாமலே, வீட்டுக்காரரு, அவங்க கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னு நினைச்சுச் சமாதானம் பேச ஆளைக் கூட்டிக்கிட்டுப் போனாராம்... இந்தத் தடவை இருவரும் சிரித்தார்கள், மூடியைக் கழற்றினார்கள், கூரை விளக்கு வெள்ளையாக, சாதாரணமாக இருந்தது.

ஆக, போகவேண்டுமென்றால் முதலில் இருக்க வேண்டும். யோசிக்க யோசிக்க இது யாரோ வேண்டுமென்றே செய்த விஷமம் போலிருந்தது. நாலு வருஷம் மறைத்ததை ஒழிப்பதற்கு ஒரு மாதம் அதைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அவன் தலையணைக்குப் பக்கத்துத் தலையணையில், எதிரெதிரே டீ குடித்துக்கொண்டு. அவன் விரல் முறுக்கிக் காட்டப் போவதில்லை, இவளிடம் காட்ட மாட்டான், ஆனால் காட்டாமல் இருக்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும், அதைத்தான் தாங்க முடியாது. கண்ணாடியில் பார்த்தாள், தாடைக்கு இரண்டு பக்கமும் கொசு கடித்த மாதிரி இரண்டு சிவப்பு, வலது கொஞ்சம் அதிகச் சிவப்பு.

வெளியே அவன் நாற்காலியில் இல்லை, லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான், வேலையில்லாத நாளிலும் அந்தக் காது சும்மா இருக்காது, கயிறு தேஞ்சிருக்கு, ரெண்டு மாசம் தாங்கும் என்றான், அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தான். "ரொம்ப எரியுதா?" இல்லை என்று தலையாட்டினாள். "பார்க்கலாமா?" என்றான். ம் என்றாள். அவன் கை எழுந்தது, தாடைக்கு அரையடி தூரத்தில் வந்து நின்றது, அங்கேயே ஒரு நொடி இருந்துவிட்டு இறங்கி அவள் தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டது, பை கனமே இல்லை. லிஃப்டுக்குள் அவன் ஓரமாக நின்றான், அவள் ஓரமாக நின்றாள், நடுவே இன்னொருவர் நிற்கலாம், இப்படித்தான் எப்போதும் நிற்கிறார்களா, இத்தனை நாள் கவனித்ததே இல்லையே... அவன் எதற்குக் கேட்டான், பார்க்கலாமா என்று, பெண்டாட்டி முகத்தைப் பார்க்க யாராவது அனுமதி கேட்பார்களா, எப்போதிலிருந்து கேட்கிறான். முதல் வருஷத்தில் கேட்டதில்லை. முதல் வருஷத்தில் பேச்சு நடுவிலேயே கை முகத்துக்கு வரும், வந்தவுடன் இவள் ஏதாவது எடுக்கக் குனிவாள், அடுப்பை அணைக்கத் திரும்புவாள், தூக்கம் வருதுங்க என்று சுவர்ப்பக்கம் புரளுவாள், ஒவ்வொரு முறையும் தப்பித்துவிட்டோம் என்று மூச்சு விடுவாள். அப்புறம் அந்தக் கை வருவது குறைந்தது, அப்புறம்... எந்த மாதத்தில் நின்றது, ஏன் இவளுக்குத் தெரியவில்லை, நிம்மதியாக இருந்ததால்தானே தெரியவில்லை. அவன் முகவாயைப் பார்த்ததே இல்லை, சரி, அதில் ஜெயித்துவிட்டாள், ஆனால் திரும்பிக்கொண்ட முகத்தை அவன் பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கிறான், அதற்கு அவனாக ஒரு காரணம் வைத்துக்கொண்டிருப்பானே, என்ன காரணம், நாலு வருஷமாக எந்தக் காரணத்தோடு பக்கத்தில் படுத்துத் தூங்குகிறான்.

"ஒரு மாசத்துக்குப் பிடுங்கக் கூடாதாம்," என்றாள், எண்கள் இறங்கிக்கொண்டிருந்த பலகையைப் பார்த்தபடி.

"எதை?" என்றான் அவன். அவன் குரலில் சந்தேகம் எதுவும் இல்லை, கேட்டுவிட்டு, பதில் வராவிட்டாலும் பரவாயில்லை என்பதுபோல் பையைக் கை மாற்றிக்கொண்டான். அந்தக் கேள்விக்குப் பதில் ஒரே சொல், நாக்கு நுனியில் இருந்தது, இப்போது சொல்லிவிடவும் முடியும் போலிருந்தது, ஆனால் அதைச் சொன்னால் மட்டும் போதாது, அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது என்று தோன்றியது, அதை எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவனை நேராகப் பார்த்தாள், நெற்றியை அல்ல, அவன் கண்ணை, அவன்தான் முதலில் பார்வையை விலக்கிக்கொண்டான்.