கடைசித் துண்டை யார் எடுப்பது

மிட்சுயோ கடை மீன் அவ்வளவு புதுசு. போன குளிர்காலத்தில் ஒரு கானாங்கெளுத்தி தட்டிலிருந்து தலையைத் தூக்கி, ஓதம் எப்போது ஏறும் என்று என்னிடம் கேட்டது. சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. நம்பாதவர்கள் மிட்சுயோவைக் கேட்கலாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்பாள். மீன் பேசுகிறது என்று வெளியே தெரிந்தால் யார் சாப்பிட வருவார்கள்?

தொமெகிச்சியும் நானும் அங்கே கடைசியாகச் சாப்பிட்ட மதியத்தைச் சொல்கிறேன். இருவரும் காலமெல்லாம் ஒரே படகில் வலை இழுத்தவர்கள். இப்போது அவனுக்குக் கண் மங்கிவிட்டது. போன மாதம் படகுத்துறை விளிம்பு தெரியாமல் தண்ணீருக்குள் நடந்துவிட்டான். காலரைப் பிடித்து இழுத்துப் போட்டேன். விஷயம் ஒசாகாவில் இருக்கும் மகள் காதுக்குப் போனது. "இங்கேயே வந்துடுங்க" என்றாள். வீட்டைக் காலி செய்தாயிற்று. ரயிலடிக்குப் போகிற மதிய பஸ் கடை வாசலில்தான் நிற்கும். அவன் போகக்கூடாது என்று எனக்கு ஆசை. அதை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் எங்கள் துறைமுகத்தில் கிடையாது.

இரண்டு பேருக்கான செட் சாப்பாடு வந்தது. சோறு, மட்டி போட்ட மிசோ சூப், ஊறிய முள்ளங்கி. நடுவில் ஒரே தட்டில் பனிக்காலத்துப் புரி மீன், கொழுப்பு மினுங்கும், வேகவைக்காத ஏழு துண்டுகள். எங்கள் பக்கம் ஒற்றைப்படையில்தான் வைப்பார்கள். இரட்டை என்றால் சரிபாதியாகப் பிரிந்துவிடும், பிரிவது நல்லதில்லை.

ஆளுக்கு மூன்று போனது. ஒன்று நின்றது. எடுத்தால் பேராசைக்காரன். விட்டுவிட்டு எழுந்தால் மீனுக்கும் மிட்சுயோவுக்கும் அவமரியாதை. மற்ற நாளில் கல், காகிதம், கத்திரி போடுவோம், ஜெயித்தவன் தின்பான். அன்று இருவரும் கையை நீட்டவில்லை.

"எடுத்துக்கோடா. ஊருக்குப் போறவன் நீதானே."

"நீ எடு இசாகு. எனக்கு வயிறு முட்டுது."

"உன் வயிறா? ஐஸ் பெட்டியோட படகையே முழுங்குமே."

"வயசாச்சுடா, இப்பல்லாம் படகு மட்டும்தான்."

பஸ் வந்து ஹாரன் அடித்தது. எங்கள் பஸ் தாமதமானதே இல்லை. ஒரு பனி வருஷத்தில் சாலையே காணாமல் போனது. பஸ் மட்டும் நேரத்துக்கு வந்தது. டிரைவர் நிஷிவாகி உள்ளே வந்தான்.

"தொமெகிச்சி ஐயா, கிளம்பலாமா..." என்றவன் தட்டைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தான்.

"தம்பி, நீயாவது சாப்பிடேன்" என்றேன்.

"ஐயோ, டியூட்டில இருக்கேன்."

டிரைவரைக் காணோமே என்று பயணிகளும் இறங்கி வந்தார்கள். வெங்காயத்தாள் கட்டோடு நின்ற ஒரு அம்மாளிடம் தட்டை நகர்த்தினேன். தீயைத் தொட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள். மிட்சுயோ எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள்.

"அண்ணே, ரெண்டு பேருக்கும் வெட்கமா இல்லையா? இந்த ரயிலை விட்டா நாளைக்குத்தான்."

போகட்டுமே என்று உள்ளுக்குள் குதித்தேன். இன்றைய ரயில் போனால் நாளைக்கும் ஏழு துண்டு. நாளை மறுநாளும்.

அப்போதுதான் தொமெகிச்சியைப் பார்த்தேன். வயிறு முட்டுது என்றவன் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைக்கவேயில்லை. இறுக்கிப் பிடித்திருந்தான். அவனுக்கும் போக மனசில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பயம்தான் வந்தது. அவனாவது திடமாக இருந்தால் நான் முரண்டு பிடிக்கலாம். இருவரும் ஒரு மீன் துண்டைப் பிடித்துத் தொங்கினால் எப்படி? அடுத்த முறை அவன் விளிம்பு தாண்டும்போது நான் பக்கத்தில் இருப்பேனா? எனக்கும் என்ன, இளமையா திரும்புகிறது? அங்கே ஒசாகா ரயிலடியில் அவன் மகள் ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

துண்டை எடுத்து வாயில் போட்டேன். கடையே மூச்சை இழுத்துப் பிடித்தது.

"தின்னுட்டியா?" தொமெகிச்சி குனிந்து காலித் தட்டைத் தடவிப் பார்த்தான். "அடப் பேராசை புடிச்சவனே! இத்தனை வருஷமா இதுக்குத்தான் காத்திருந்தியா?"

"ஆமாடா. நீ இருக்கும்போதே தின்னாத்தானே உனக்கு எரியும்."

சிரித்தான். சிரிப்பு நிற்கவில்லை. கைத்துண்டால் முகத்தை வெகுநேரம் துடைத்தான். பிறகு எழுந்தான். நிஷிவாகி அவன் முழங்கையைப் பிடித்து அழைத்துப் போனான். பஸ் ரயிலுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததாம். வழியில் ஒரு மலை ஒதுங்கி நின்றிருக்க வேண்டும்.

மறுநாளும் போனேன். ஒருவர் செட், மூன்று துண்டு. யாரோடும் மல்லுக்கட்டாமல் மூன்றையும் நானே தின்றேன். சுலபமாகத்தான் இருந்தது. அப்புறம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன். மிட்சுயோ தேநீரை நிரப்பிக்கொண்டே இருந்தாள்.