தெற்கு இல்லாத நாடு

வேலங்குறிச்சி நாட்டில் தெற்கு கிடையாது. மற்ற மூன்று திசைகளும் இருந்தன. முன்னொரு காலத்தில், ஒரு தாயின் மூன்று மகன்களைப் போர்க்களத்தில் கைவிட்டுத் தெற்கே தப்பியோடிய அரசனைப் பார்த்து அவள், "உனக்குத் தெற்கே இல்லாமல் போகட்டும்" என்று மண்ணை வாரித் தூற்றினாள். அன்றைக்கே அது போய்விட்டது. இறந்தவர்கள் போகவேண்டிய திசை அதுதான் என்பதால், வழிதவறி இந்த நாட்டுக்குள் நுழைந்த ஆத்மாக்கள் இங்கேயே தங்கும்படி ஆயிற்று. வீடுகளுக்கு மூன்றே சுவர். கிழக்குச் சுவரும் மேற்குச் சுவரும் ஒரு மூலையில் போய்ச் சேர்ந்துகொள்ளும்.

செண்பகவல்லி ஐம்பத்து மூன்றாம் வயதில் மஞ்சள் காமாலையில் இறந்தாள். பதினொரு வருடங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட கணவன் அடைக்கலத்தைத் தேடித் தெற்கே நடந்தவள், கிளைப்பாதை ஒன்றில் தப்பாகத் திரும்பி இந்த நாட்டுக்குள் வந்துவிட்டாள். எல்லையில் சர்வேயர் மாசிலாமணி நின்றிருந்தார். அவரும் ஓர் ஆத்மாதான்.

"நான் தெக்க போகணும் ஐயா. வீட்டுக்காரரு காத்திருப்பாரு."

"நாப்பது வருஷமா சங்கிலி போட்டு அளக்குறேம்மா. மூணு பக்கத்துக்குத்தான் அளவு வருது" என்றார் அவர். "நல்ல தண்ணிக் கிணறு வடக்க இருக்கு."

அவர் காட்டிய வீட்டில் அவள் குடியேறினாள். வாசலில் அவரைக்கொடி போட்டாள். அக்கம்பக்கத்து ஆத்மாக்கள் நல்ல மாதிரி. குறை என்று சொல்ல ஒன்றுமில்லை. சாப்பிட உட்காரும்போது மட்டும் இரண்டு தட்டைக் கழுவிவிட்டு, ஒன்றைத் திரும்பக் கவிழ்த்து வைப்பாள்.

ஒரு மத்தியானம், சுவர்கள் சேரும் மூலையிலிருந்து ஒரு செருமல் கேட்டது. அவளுக்குத் தெரிந்த செருமல்.

"நீங்களா?"

"நான்தான். ஆளைக் காணோமேன்னு தேடி வந்தேன். அங்க உனக்குன்னு இடம் பிடிச்சுத் துண்டு போட்டு வச்சிருக்கேன். யாரு வர்றாங்க, எப்ப வர்றாங்கன்னு பக்கத்துல கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அவள் மூலையில் கை வைத்துப் பார்த்தாள். சுண்ணாம்புச் சுவர் சில்லென்று இருந்தது. அவனை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு ஓடிப்போய் மாசிலாமணியிடம் கேட்டாள்.

"அவரு நிக்கிறது தெற்கு. இங்க அது இல்ல. அதனால உள்ள வர முடியாது" என்றார் மாசிலாமணி. "ஆனா இன்னும் தெக்கயே நடந்தாருன்னா உலகத்தைச் சுத்தி நம்ம வடக்கு வாசலுக்கு வந்துடலாம். வந்தா திரும்பிப் போக முடியாதும்மா."

திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்தாள். பிறகு மூலையில் உட்கார்ந்து, அவர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். தன் பங்குக்கு, "வராதீங்க. அங்க நல்லாத்தானே இருக்கீங்க? மாட்டுனது ஒருத்தரோட போகட்டும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் அடைக்கலம் ஒரு முறை செருமினான்.

"இன்னைக்கு என்ன குழம்பு?"

"அவரைக்கா போட்டுப் புளிக்குழம்பு."

"சரி, துண்டை எடுத்துட்டு வரேன்" என்றான் அடைக்கலம். காலடிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

அவன் நடந்தான். அவள் தினமும் வடக்கு வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டாள். தன்னைப் போலவே அவனும் எங்காவது தப்பாகத் திரும்பியிருப்பானோ என்று சில நாள் தோன்றும். அப்போதெல்லாம் கோலத்தில் நாலு புள்ளி கூட்டிப் போடுவாள். ஏழாம் வருடம் கோலம் வாசலை அடைத்துத் தெரு வரைக்கும் போயிருந்தபோது, அதை மிதிக்காமல் ஒருவன் ஓரமாக வந்து நின்றான்.

"வழியில ரெண்டு எடத்துல ஒரே பனி புள்ள. அதான் தாமசம்."

அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் காலில் ஊற்றினாள். மாசிலாமணி அவன் பெயரை எழுதிக்கொண்டு, நல்ல தண்ணீர்க் கிணறு எங்கே இருக்கிறது என்று சொன்னார். அன்றைக்கு இரண்டு தட்டிலும் சோறு விழுந்தது. அடைக்கலம் மூன்று முறை குழம்பு ஊற்றிக்கொண்டு, "இதுக்கு மேல ஒண்ணுமே இல்ல புள்ள" என்றான்.

மறுநாள் விடிந்தபோது அந்த நாட்டில் மேலே என்பதும் இல்லை. செண்பகவல்லி பரணில் இருந்த பெரிய பானையைக் குனிந்து எடுத்து, இரண்டு பேருக்கு உலை வைத்தாள்.