துணைக்காலுக்குப் பாதம்

தேசாய் சேட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு தடித்த அச்செழுத்து வகையின்மேல் தீராத பிரியம். கனத்த உடம்பு, ஒவ்வொரு கோட்டின் முனையிலும் பலகைபோல் ஒரு பாதம். வரிசையாக அடுக்கினால் எருமைகள் நிற்பதுபோல் இருக்கும். பம்பாய் கிர்காமில் இருந்த அவருடைய அச்செழுத்துப் பட்டறை, டைப் பவுண்டரி, அதே சாயலில் தேவநாகரி எழுத்தும் செய்து விற்றது. 1964இல், தமிழிலும் வேண்டும் என்றார். தாராவி அச்சகங்கள் போஸ்டருக்குப் பெரிய மர எழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தன.

வேலை ஷ்யாமளாவிடம் வந்தது. மாட்டுங்காவில் ரயில்வே ஆபீஸ் பஞ்சுவின் மகள். ஓவியப் பள்ளியில் படித்தவள். பவுண்டரியில் தமிழ் பேசுகிற ஒரே ஆள். பேசுவாளே தவிர, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அது வரைவதற்கு வசதி என்றே நினைத்தாள். அர்த்தம் குறுக்கே வராது.

மழைக்காலம் முழுக்க வரைந்தாள். 'ட' சொன்னபடி கேட்டது. 'ண' படுத்தியது. துணைக்கால் முழுக்க நேர்க்கோடுகள் என்பதால் சந்தோஷமாகப் பாதம் வைத்தாள். வைத்த பிறகு அதுவும் 'ர'வும் ஒன்றுபோலவே இருந்தன.

"இரண்டுக்கும் ஒரே அச்சு போதும்," என்று சேட்டிடம் சொன்னாள். சேட் அவளுக்கு ஸ்பெஷல் சாயா வரவழைத்தார்.

மாதிரித் தாள் வந்தபோது கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். கறுப்பு எங்கும் சமமாகப் பரவியிருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று அவள் படிக்கவில்லை.

முதல் செட்டை வாங்கியவர் தாராவியில் அச்சகம் வைத்திருந்த அபுதாஹிர். முதல் வேலை, கரீம் பாட்சாவின் தோல் பைக்கான போஸ்டர். பாம்புத் தோல் மாதிரி செதில் பதித்த பைகள். பெயர் 'நாகம் மார்க்'. கம்பாஸிட்டர் எழுத்துக் கோத்தான். அபுதாஹிர் பார்த்தார், என்ன இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியுமாதலால் அதுவே இருப்பதாகப் பட்டது. தமிழ் படிக்கத் தெரியாத கரீம் பாட்சா சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்று, "இங்கருந்தே தெரியுது, பஹுத் அச்சா," என்றார்.

பக்கத்து லேபர் கேம்ப் வரைக்கும் ஒட்டினார்கள்.

அதை எழுத்து எழுத்தாகப் படித்தவள் தண்ணீர்க் குழாயடியில் நின்ற முப்பிடாதியம்மாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற கரீம் பாட்சாவின் மனைவி மதீனா பீவியிடம் கேட்டாள்:

"ஏக்கா, ஒங்க வீட்டுக்காரவுக பைக்கு நரகம்னா பேரு வச்சிருக்காவ?"

மறுநாளே கரீம் பாட்சாவும் அபுதாஹிரும் போஸ்டரைச் சுருட்டிக்கொண்டு கிர்காமுக்குப் போனார்கள். சேட் அதை மேஜைமேல் விரித்து நெடுநேரம் பார்த்தார். "க்யா கராபி ஹை? என்ன கோளாறு? பாதம் எல்லாம் சரியாத்தானே இருக்கு?" என்று இந்தியில் கேட்டார்.

ஷ்யாமளாவைக் கூப்பிட்டார்கள்.

"வாசிங்கம்மா," என்றார் அபுதாஹிர்.

"நரகம்..." என்று தொடங்கினாள். விரலை அடுத்த சொல்லுக்கு நகர்த்தினாள். "மரர்க்."

"நாகம்னு சொன்னா நரகம்னுல்லா வந்து நிக்கி. பள்ளிவாசல் செவத்துலயும் ஒட்டிட்டானுவ," என்றார் அபுதாஹிர்.

"பாய், உங்க மேல தப்பில்லை. கம்பாஸிட்டர் மேலயும் இல்லை. நான் போட்ட எழுத்துதான் அப்படி," என்றாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. மாறாக, போஸ்டரில் இருந்த மற்றத் துணைக்கால்களை எண்ணத் தொடங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை உளியோடு தாராவி போய், அச்சகத்து ஸ்டூலில் உட்கார்ந்து, 'ர' மர எழுத்துகளில் பாதியை எடுத்து, துணைக்காலாகும்படி பாதங்களைச் சீவினாள். தன் கையால் வைத்ததைத் தானே வெட்டுவது வேதனையாக இருந்தது. வெட்டிய கால் அந்தரத்தில் தொங்குவதுபோல் இருந்தது.

"நொண்டுது, பாய்."

"நொண்டட்டும்மா. நாகம்னு படிக்க முடியுதுல்லா."

புதிய போஸ்டரைப் பழையதன்மேல் ஒட்டினார்கள். முப்பிடாதியம்மாள் அதையும் படித்துவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். கரீம் பாட்சா மட்டும் புதியதில் கறுப்பு குறைந்துவிட்டது என்று குறைப்பட்டுக்கொண்டார். ஷ்யாமளாவுக்கு அது நியாயமாகப் பட்டது. துணைக்காலைத் திரும்ப வரைந்தாள்: பாதம் கிடையாது, ஈடாக உடம்பு இன்னும் தடிமன்.

சேட் ஒப்பவில்லை. "இதுக்கு மட்டும் ஏன் பாதம் இல்லை?"

"சேட், இதுக்குப் பேரே கால்."

"கால்னா பாதம் வேண்டாமா?"

"இந்தக் காலுக்கு வேண்டாம். வச்சா வேற எழுத்தாயிடும்."

சேட் சிறிது நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சரி என்றார். இன்னோர் அச்சு செய்ய வேண்டியிருந்ததில் அன்று சாயா கிடையாது.

எழுத்து விற்றது. காட்கோபரிலிருந்தும் கேட்டார்கள். அடுத்த கேட்லாகுக்கு மாதிரி வரி ஒன்றை அவளே எழுதித் தரச் சொன்னார் சேட். 'ர'வும் துணைக்காலும் அக்கம்பக்கம் வரும்படி யோசித்து எழுதி, வீட்டில் அப்பாவைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். பஞ்சு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தடங்கலின்றிப் படித்தார்:

"ராமு மாமா ராத்திரி பாதாம் அல்வா சாப்பிட்டார்."

படித்துவிட்டு நிமிர்ந்தார். "யாருடி இந்த ராமு மாமா?"

"யாருமில்லைப்பா."

"ராத்திரியில அல்வா எதுக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தாளை மடித்து அவளிடம் கொடுத்தார்.