காது மந்தமான ஒழுங்கை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. கோயில் ஒலிபெருக்கியைப் பற்றி ஒரு முறைப்பாடு எழுதத்தான் உட்கார்ந்தேன். "அதிகாலை நான்கரை மணி தொடக்கம்" என்று ஆரம்பித்து, கடிதம் நன்றாகச் சூடேறிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கிக்காரரின் பெயர் தெரியாது. கோபத்தில் பிரகலாதன் என்று ஏதோ ஒரு பெயரைப் போட்டேன். பெயர் வந்ததும் ஆளும் வந்துவிட்டான். அதற்குப் பிறகு முறைப்பாடு ஓடவில்லை.

சரி, கதையாகவே தொடங்கலாம் என்று பார்த்தேன்.

"பண்டத்தரிப்பின் வானம் அன்று..." [வானத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.]

"கருணை என்பது மனிதனின்..." [இப்படித் தொடங்கினால் நானே வாசிக்கமாட்டேன்.]

2

பண்டத்தரிப்புப் பக்கம் ஓர் அம்மன் கோயில், அருகே ஓர் ஒழுங்கை, அதாவது ஒடுங்கிய தெரு; பத்து நாள் திருவிழா. பிரகலாதன் முகப்புத் தென்னையில் திசைக்கொன்றாக நான்கு ஒலிபெருக்கிக் குழாய்களைக் கட்டியிருந்தான். அவற்றில் அவனுக்குப் பெருமை அதிகம். ஊரில் ஒருவராவது காதைப் பொத்தினால்தான் அவனுக்குச் சாப்பாடு செரிக்கும்.

கொடியேற்றத்தன்று மேற்குக் குழாயை இறுக்கிக் கட்ட ஏறியவன் கீழே ஒரு முற்றத்தைக் கண்டான். உதயகலாவின் ஏழு வயது மகள் லவீனா, இரண்டு காதையும் பொத்தியபடி கிணற்றடியில் சுருண்டு கிடந்தாள். வாய் திறந்திருந்தது. அலறல் கேட்கவில்லை. அவனுடைய குழாய் அதை விழுங்கிவிட்டது.

இறங்கி ஓடினான்.

"பிள்ளைக்குப் பெரிய சத்தம் ஆகாது, தம்பி," என்றாள் உதயகலா. "ஒவ்வொரு வருசமும் திருவிழாவுக்கு இவளைக் கொக்குவிலுக்கு, அக்கா வீட்டை கொண்டுபோயிடுவன். அக்கா இப்ப கனடாவிலை. போக இடமில்லை."

"தேர் பாத்திருக்கிறாவோ?"

"போனிலை. சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் பாப்பாள். எங்கடை வாசல் படலையடியாலைதான் தேர் போறது."

பிரகலாதனுக்கு வெட்கமாகிவிட்டது. திரும்ப ஏறினான். மேற்குக் குழாயைத் தெற்கே திருப்பினான்.* தெற்கே இருந்தது தம்பிராசாவின் வீடு.**

* ஏன் நிறுத்தவில்லை என்கிறீர்களா? நாளுக்கொரு உபயகாரர் திருவிழாச் செலவைப் பொறுக்கிறார், பலர் வெளிநாட்டில். நிறுத்தினால் இலண்டனிலிருந்து தொலைபேசி வரும். திருப்பினால் அங்கே தெரியாது.

** தம்பிராசா: ஓய்வுபெற்ற தபாலதிபர். எல்லையில் நின்ற ஒரு பூவரசுக்காகப் பதினொரு வருடம் வழக்காடி, வென்ற பிறகும் மனம் ஆறாதவர்.

3

மறுநாள் காலை தம்பிராசா வந்தார். [முதல் வரைவில் குடையால் அடித்தார். எழுத எனக்கும் சுகமாகத்தான் இருந்தது.]

"குழாய் ரெண்டு என்ரை வீட்டைப் பாத்துக்கொண்டு நிக்குது. ஆர் திருப்பினது?"

"நான்தான், ஐயா. உதயகலா அக்காவின்ரை பிள்ளை சத்தத்துக்குத் துடிக்குது."

தம்பிராசா அந்த முற்றத்தை எட்டிப் பார்த்தார்.

"எனக்குக் காது மந்தம். உனக்குத் தெரியாதோ? அப்பிடியே கிடக்கட்டும்."

சொல்லிவிட்டு நடந்தார். பிரகலாதன் வாய்க்குள் முணுமுணுத்தான்: "சேட்டுப் பொத்தான் மாறிப் பூட்டியிருக்கு, ஐயா."

தம்பிராசாவின் கை உடனே பொத்தானுக்குப் போனது.

4

இந்த மனிதரை நான் நம்பவில்லை. பதினொரு வருட வழக்குக்காரர் ஒரு காலையில் மாறுவாரா? மூன்று முறை வெட்டினேன். மூன்று முறையும் பொத்தானைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றார். யோசித்தால், அவர் மாறவே இல்லை. அதே பிடிவாதம்தான், இந்த முறை ஒரு பிள்ளையின் பக்கம் நின்றது. ஆள் திருந்தி வரட்டும் என்று கருணை காத்திருப்பதில்லை போலிருக்கிறது. எனக்கு இதில் பெரிய சந்தோசம். என்னைப் போன்றவர்களுக்கும் இடமிருக்கிறதல்லவா?

அதன்பின் கதை என் கையை விட்டுப் போய்விட்டது. மூன்றாம் நாள் ஞானாம்பிகை வந்தார். அடுத்த ஒழுங்கையில் நடக்கும் சண்டையை, அரிசி கழுவியபடியே ஒரு சொல் பிசகாமல் கேட்கிறவர்.

"தம்பிராசர் மட்டும் ஏன் ரெண்டு குழாய் கேக்கவேணும்? எனக்கும் இப்ப காது கேக்கிறேல்லை. இண்டைக்கு இங்காலை திருப்பு, தம்பி."

ஐந்தாம் நாளுக்குள் ஒழுங்கை முழுவதற்கும் காது மந்தமாகிவிட்டது. அந்த ஒரு குழாய்க்கு முறை வைக்க வேண்டியதாயிற்று. தன்னைத் தாண்டிக் கொடுத்துவிட்டான் என்று தம்பிராசா சண்டைக்கே வந்தார். எட்டாம் நாளை நான் கேட்டு வாங்கினேன். நான்கரைக்கே எழும்பிவிட்டேன், ஆனால் கோபம் வரவில்லை.

5

ஒன்பதாம் நாள், தேர். முடிவுகள் சில கைவசம் உண்டு.

அ) ஊரே மௌனமாக வடம் இழுக்கிறது. [நம் சனத்தை மௌனமாக்க எந்த எழுத்தாளராலும் ஆகாது.]

ஆ) லவீனா பயந்து உள்ளே ஓடிவிடுகிறாள். [நடக்கக்கூடியதுதான். எழுத மனமில்லை.]

நான் எழுதாமலே நடந்தது இது. தேர் ஒழுங்கைக்குள் திரும்பியதும் மேளம் தானாக அடங்கியது. "அரோகரா" என்பதை இரகசியம்போலச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். உதயகலா படலையைத் திறந்தாள். லவீனா இரண்டு காதையும் பொத்தியபடி வெளியே வந்தாள். பிறகு, ஒரு கையை மட்டும் எடுத்துத் தேரைக் காட்டினாள்.

இனி மிச்சமிருப்பது அந்தக் குழாய்தான். தென்னையில் இருந்தபடி பிரகலாதன் என்னைக் கேட்கிறான்:

"ஒன்பதாம் நாளுக்கு ஒருத்தரும் இல்லை. எல்லாற்றை முறையும் முடிஞ்சுது. எங்கை திருப்ப?"

வாசிக்கிறவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன். கெதியாய்ச் சொல்லுங்கள், அவள் மற்றக் கையையும் எடுக்கப் பார்க்கிறாள்.

உங்கள் வீடு எந்தப் பக்கம்? உங்களுக்கும் காது கொஞ்சம் மந்தம்தானே?