இருபத்து மூன்று தீப்பெட்டிகள்

அவள் கணவருடைய கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவர் போன் போடச் சொன்னார். பெருவிரல் நகம் தடித்து மஞ்சள் பாரித்து, நகவெட்டிக்கு மசியவில்லை.

"பிஸ்டனுக்குப் போடு. இன்னைக்கு மத்தியானத்தோட பந்தயத்துக்குப் பேர் கொடுக்கறது முடியுது. எத்தனை வண்டின்னு கேளு."

இதைச் சொல்வதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினார். நுரையீரலில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்து, வீட்டுக்கு அனுப்பிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. இந்தப் பதினோரு நாளில் மகனைப் பற்றிக் கேட்டார், தன் கண்ணாடிக்கடைச் சாவியைப் பற்றிக் கேட்டார், கார்ப் பந்தயத்தில் தீப்பெட்டி கிளாஸ் என்ற பிரிவைப் பற்றித் தினமும் கேட்டார். நீ சாப்பிட்டாயா என்று ஒருநாளும் கேட்கவில்லை.

தீப்பெட்டி என்பது ஒரு பழைய சின்ன கார். சதுர மூக்கு, தகரக் கதவு. ஒரு காலத்தில் ஊரில் பாதிப்பேர் ஓட்டப் பழகியதே அதில்தான். பின்சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, உள்ளே இரும்புக் குழாயில் ஒரு கூடு பற்றவைத்தால் போதும், பந்தயக் கார் தயார். பல் டாக்டர், பஸ் டிரைவர், ரொட்டிக்கடைக்காரர் என்று ஆளுக்கொரு தீப்பெட்டியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் டிராக்குக்கு வந்துவிடுவார்கள். இவர்களுக்குக் கல்யாணமான வருஷம் அந்தப் பிரிவில் முப்பத்தொன்பது வண்டிகள் ஓடின. பிறகு கூரை தாழ்ந்த புதுக் கார்கள் வந்தன. கம்பெனிக்காரர்கள் டயரை இனாமாகக் கொடுத்தார்கள். இளவட்டங்கள் அந்தப் பக்கம் சாய, தீப்பெட்டி கிளாஸ் கழுதை தேய்ந்து கட்டெறும்பாயிற்று. பன்னிரண்டு, எட்டு, ஐந்து. ஐந்துக்குக் குறைந்தால் அந்தப் பிரிவுக்குப் பந்தயமே கிடையாது என்பது சங்கத்து விதி. ஆளில்லாத கடையில் எதற்கு ஐயா டீ ஆற்றுகிறீர் என்று அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. அவர் ஆற்றிக்கொண்டே இருந்தார்.

அந்த ஐந்து வண்டிக் காலத்தில்தான் அவளுடைய அம்மா செத்துப்போனாள். அம்மாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். எடுக்க இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவர் அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டுக் காதோடு சொன்னார். "நான் போகலேன்னா நாலு வண்டிதான். மத்த நாலு பேருக்கும் பந்தயம் இல்லாமப் போயிடும்." சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். கடையில் அவசர வேலை என்று அவள் தன் அண்ணன்களிடம் சொன்னாள். அவர்கள் நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அன்று அவர் மூன்றாவதாக வந்தார். அதற்குக் கொடுத்த கோப்பையைப் பதினேழு வருஷமாக வாரம் ஒருமுறை அவள்தான் தூசு துடைத்தாள். அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, அவளும் கேட்டதில்லை.

வாசலுக்குப் போய் போன் போட்டாள். லாரி ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பிஸ்டன் முதல் மணியிலேயே எடுத்தான். அவன் நிஜப் பெயர் அவனுக்கே மறந்திருக்கும். மூச்சு விடாமல் பேசினான். புதுக் கார்களுக்கு இப்போது செலவு செய்வது யானையைக் கட்டித் தீனி போடுவதுபோல் ஆகிவிட்டதாம். ஒரு திருகாணியைத் திருப்பவும் கம்ப்யூட்டர் வேண்டுமாம். அந்தப் பக்கம் போனவர்களெல்லாம் கொல்லையில் கிடந்த தீப்பெட்டிகளைத் தூசு தட்டி எடுத்து வருகிறார்களாம். எல்லாருக்கும் ஒரே டயர், இன்ஜினில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அண்ணன் படுக்கையில் கிடந்தபடி எழுதிக் கொடுத்த விதிகள்தான் காரணமாம்.

"இருபத்து மூணு, அண்ணி. இருபத்தஞ்சு வருஷத்துல இப்படி ஒரு கூட்டம் இல்ல. போனை அண்ணன் காதுல வைங்க, நானே சொல்றேன்."

"தூங்குறார். எழுந்ததும் சொல்றேன்" என்றாள்.

அவர் தூங்கவில்லை. அவள் உள்ளே வந்து, அவர் காலை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எத்தனை?"

பொய் சொல்ல வேண்டும் என்று அவள் திட்டம் போட்டு வரவில்லை. அவர் பார்வை அவள் முகத்துக்கு வராமல் கையிலிருந்த போனிலேயே நின்றது, அவ்வளவுதான்.

"மூணு."

"யார் யாரு?"

"பிஸ்டன். ரொட்டிக்கடைக்காரர். அந்த பஸ் டிரைவர்."

"பல் டாக்டர்?"

"அவர் புதுக் காருக்கே போயிட்டாராம்." நூல்கண்டிலிருந்து நூல் வருவதுபோல வந்தது. "கிளாஸையே எடுத்துட்டாங்களாம். இனிமே கிடையாதாம்."

கடைசி வார்த்தைக்குக் கேள்வி எதுவும் வரவில்லை. அவளாகவே சேர்த்துக் கொடுத்தது அது.

அவர் பார்வை போனிலிருந்து கூரைக்குப் போயிற்று. பிறகு, "உங்கம்மா போன அன்னைக்கு நான் போயிருக்கக் கூடாது" என்றார்.

நகவெட்டி நின்றது. இந்த ஒரு வாக்கியத்தை அவள் எத்தனை இடத்தில் வைத்துக் கேட்டுப் பார்த்திருக்கிறாள்! கடையில், பேருந்தில், பாத்திரம் கழுவும்போது. ஒருமுறை பல் பிடுங்கிக்கொண்டபோதுகூட.

"என்ன சொன்னீங்க?" நன்றாகக் கேட்டிருந்தது அவளுக்கு.

"போயிருக்கக் கூடாது. உன்னை அங்க தனியா நிக்க வச்சுட்டு... ஒண்ணுமில்லாததுக்குப் போனேன்."

அவர் கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. இப்போதாவது அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த முகம் எப்படி மாறும் என்பது அவளுக்குத் தெரியும். யார் யார் என்று இருபத்து மூன்று பெயரையும் கேட்பார். அவளும் அவளுடைய அம்மாவும் மறுபடி பின்வாசலில் நிற்க வேண்டியதுதான். துண்டின் நுனியால் அவர் காதைத் துடைத்துவிட்டு, மீதி நகங்களையும் வெட்டி முடித்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, பழைய இரும்புக்காரனைக் கூப்பிடச் சொன்னார். "எனக்கப்புறம் உனக்கெதுக்கு அந்தச் சனியன்" என்றார். அந்தக் காரை அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவள் அந்த போனையும் போட்டாள். மூன்று மணிக்கு லாரி வந்தது. காற்று இறங்கிய டயர்களோடு காரைச் சங்கிலி மாட்டி இழுத்தார்கள். இரும்பு சிமெண்டில் உரசும் சத்தம் ஜன்னல் வழியாகக் கட்டில்வரை வந்தது.

"ஜன்னலைச் சாத்தேன்" என்றார்.

"காத்து வரட்டும். புழுங்குது" என்றாள்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, அவள் பால் சுடவைக்கப் போன நேரத்தில், உயிர் போயிருந்தது.

மறுநாள் காலை பந்தயக்காரர்கள் மொத்தமாக வந்தார்கள். அதிகாலை பஸ்ஸில் வந்திறங்கிய மகன் நாற்காலி போட்டான். யாரும் உட்காரவில்லை. எவ்வளவு கழுவியும் ரேகைகளில் கிரீஸ் போகாத கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள். பிஸ்டன் மட்டும் வாய்விட்டு அழுதான். அழுது முடித்துவிட்டு அவளிடம் வந்தான்.

"அண்ணன் அதைக் கேட்டுட்டுத்தானே போனாரு, அண்ணி? சொன்னீங்கல்ல?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சார்."

பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சிரிச்சாராம், சிரிச்சாராம் என்று அந்தச் சொல் வாய்க்கு வாய் மாறித் தெருவில் நின்றவர்கள்வரை போயிற்று. சாவு வீட்டில் சில முகங்கள் தெளிந்தன. கொடுத்து வைத்த மனுஷன் என்று யாரோ சொன்னார்கள். அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள்.

எடுப்பதற்குக் கொஞ்சம் முன்னால் பிஸ்டன் மகனிடம் பேசினான். ஞாயிற்றுக்கிழமை இருபத்து மூன்று வண்டியும் அண்ணனுடைய காருக்குப் பின்னால் ஒரு சுற்றுப் போகவேண்டும் என்று எல்லாரும் முடிவு செய்திருக்கிறார்கள். கார் ஓடாவிட்டால் பரவாயில்லை, கட்டி இழுத்துக்கொள்ளலாம். மகன் தலையை ஆட்டிவிட்டு ஷெட் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான். அவன் கூப்பிடாமலே ஏழெட்டுப் பேர் பின்னால் போனார்கள். அவளும் எழுந்து போனாள்.

மகன் ஷட்டரைத் தூக்கினான்.

"வண்டி எங்கம்மா?"

"பழைய இரும்புக்குப் போயிடுச்சு. அவர்தான் கொடுக்கச் சொன்னார்."

"எப்ப?" என்று கேட்டது பிஸ்டன்.

"நேத்து."

பிஸ்டன் தரையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நீங்க என்கிட்ட போன்ல பேசினதுக்கு முன்னாடியா, அப்புறமா அண்ணி?"

முன்னாடி என்று சொல்லியிருக்கலாம். நேற்றிலிருந்து சொன்னவற்றோடு பார்த்தால் அது ஒரு கடுகளவுதான்.

"அப்புறம்" என்றாள்.

பிஸ்டன் அவளைவிட்டு ஓரடி விலகி நின்றான். மகன் இன்னமும் ஷட்டரைப் பிடித்தபடியே நின்றிருந்தான். பின்னால் வந்தவர்களுக்கு எதுவும் காதில் விழவில்லை. ஒவ்வொருவராக உள்ளே நுழைந்தார்கள். சின்ன ஷெட் அது. அத்தனை பேருக்கும் இடம் போதவில்லை. ஆனாலும் நடுவில் யாரும் கால் வைக்கவில்லை. தோளை ஒருக்களித்து, வயிற்றை உள்ளிழுத்து, ஒரு கார் அளவுக்கு இடம் விட்டு, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.