தொட்டி திறந்த சனிக்கிழமை

அமெரிக்காவில் எடிசன் என்ற ஊரில் அந்த வீட்டை வாங்கியபோதே கொல்லைப்புறத்தில் அது இருந்தது. தரையைத் தோண்டாமல், மேலேயே வட்டமாகத் தகரச் சுவர் எழுப்பி, உள்ளே நீலப் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு நிறுத்திய நீச்சல் குளம். ஏணியில் ஏறித்தான் உள்ளே இறங்க முடியும். அமெரிக்கர்கள் அதற்கு என்ன பேர் வைத்திருந்தாலும் திருமூர்த்தி குடும்பத்துக்கு அது தொட்டிதான்.

வருஷா வருஷம் மே மாதக் கடைசியில், மெமோரியல் டே விடுமுறையில், அதைத் திறப்பது திருமூர்த்தியின் வேலை. குளிர்காலம் முழுக்க மூடிக் கிடந்த தார்ப்பாய் மேல் மழையும் பனியும் ஓக் இலையும் சேர்ந்து அழுகி நாறும். அதை இறைத்து, தார்ப்பாயை இழுத்துச் சுருட்டி, தண்ணீரை வடிகட்டும் மோட்டாரைப் பூட்டி ஓட விடுவார். யாரையும் பக்கத்தில் சேர்க்க மாட்டார். அவர் மனைவி சாந்தாமணி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி.

தொண்ணூற்றொன்பதில், பிப்ரவரி மாதத்து ஒரு காலையில், வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. ரத்தக்குழாய் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். வயது ஐம்பதுகூட ஆகவில்லை.

பிழைத்து வந்தவரைச் சாந்தாமணி கண்ணாடிப் பாத்திரம் மாதிரி வைத்துக்கொண்டாள். கார் சாவி அவள் கைக்குப் போனது. படுக்கை மாடியிலிருந்து கீழே வந்தது. குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளக்கூட விடவில்லை. தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பாள். அவரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஆபீசுக்கு இன்னும் போகவில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, எந்த ஊரில் எவ்வளவு மழை என்று டிவியில் பார்த்துக்கொண்டே இருப்பார். நோய் அவருடைய உற்சாகத்தையெல்லாம் தின்றுவிட்டது என்று அவள் நினைத்தாள்.

அதனால்தான் தொட்டியைத் தானே திறந்துவிடுவது என்று முடிவு செய்தாள். தெளிந்த தண்ணீரைப் பார்த்தால் மனுஷனுக்குக் கொஞ்சம் முகம் மலரும்.

சனிக்கிழமை காலை மகளைக் கூப்பிட்டாள். கண்மணி ஒன்பதாம் வகுப்புப் படித்தாள். இருவருமாகச் சின்னப் பம்பைப் போட்டுத் தார்ப்பாய் மேலிருந்த தண்ணீரை இறைத்தார்கள். பாதிதான் இறங்கியது, மிச்சம் இலையும் சேறுமாக நடுவில் குழி விழுந்து கிடந்தது. போதும் என்று நினைத்துச் சாந்தாமணி ஏணியில் ஏறி விளிம்பைப் பிடித்தாள்.

"நீ அக்கட்ட பக்கம் பிடி கண்ணு. நா இழுக்கறேன்."

"அம்மா, இட்ஸ் டூ ஹெவி! அப்பாகிட்ட கேக்கலாம்ல?"

"அப்பாவைக் கூப்பிட்டீன்னா தெரியும் சேதி."

இழுத்தாள். தார்ப்பாய் அசைந்த மாதிரிதான் இருந்தது. திடீரென்று உள்ளே இருந்த சேறெல்லாம் ஒரு பக்கமாகச் சரிய, அந்தக் கனம் அவளையும் சேர்த்து இழுத்தது. ஈர இலையில் கால் வழுக்கி, ஏணியிலேயே முழங்காலிட்டு விழுந்தாள். கையை விடவும் தோன்றவில்லை.

அப்போது அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை வந்து தார்ப்பாயைப் பிடித்தது. திருமூர்த்தி. செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்திருந்தார்.

"ஐயோ, விடுங்க! ஏனுங்க, விடுங்கன்னா விடுங்க!" அவள் அலறியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "கனம் தூக்கக் கூடாதுன்னு தெரியாதுங்களா? உள்ற போங்க!"

"நீ மொதல்ல கையை எடு. தலகுப்புற உழுந்துருவே."

"நா உழுந்தா உழுந்துட்டுப் போறேன். உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"என்ன ஆகும்?" அவர் குரல் உயர்ந்தது. நாலு மாதமாகக் கேட்காத குரல். "டாக்டர் ஏப்ரல்லயே சொல்லிட்டாரு சாந்தா. கார் ஓட்டலாம், மாடி ஏறலாம், நீஞ்சலாம், வேலைக்குப் போலாம்னு. நீயும் பக்கத்துலதான உக்காந்திருந்தே? நீ பயப்படறயேன்னு நா வாயத் தொறக்காம உக்காந்திருக்கறேன். எத்தன நாளைக்குத்தான் உக்காந்திருக்கறது? அன்னைக்கே செத்திருந்தாலும் இதேதான்."

யார் கை முதலில் விட்டது என்று தெரியவில்லை. தார்ப்பாய் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஆறு மாதத்து அழுக்கும் ஒன்றுவிடாமல் தொட்டித் தண்ணீரில் கலந்தது. கறுப்பு இலைகள் மேலே சுற்றின.

சாந்தாமணி அவருடைய நெஞ்சைப் பார்த்தாள். அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, ஓடி வந்த யாருக்கும் ஏறி இறங்குவதைப் போல. வேறொன்றும் இல்லை.

"அம்மா," என்றாள் கண்மணி மெதுவாக. "ஹி இஸ் ஃபைன். யூ ஆர் தி ஒன் ஷேக்கிங்."

சாந்தாமணி தன் கைகளைப் பார்த்தாள். ஏணியை விட்டு இறங்கிப் புல்லிலேயே உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னது உண்மை. அவளும் கேட்டாள். 'டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்' என்று அப்போதே தள்ளிவிட்டாள். அந்த நாற்காலியில் அவரை உட்கார வைத்தது நோய் என்றல்லவா இத்தனை நாள் நம்பியிருந்தாள்? மன்னிப்புக் கேட்க வேண்டும்போல இருந்தது.

"மோட்டார் இன்னும் கராஜ்லதான இருக்குது?" என்று கேட்டார் அவர்.

"அங்கதானுங்க. கண்மணி எடுத்தாரட்டும்," என்றாள். பிறகு, "நீங்களும் ஒரு பக்கம் பிடிச்சுக்கங்க," என்றாள்.

அந்த வாரம் முழுக்க வேலை ஓய்ந்தபாடில்லை. தண்ணீர் முதலில் டீ நிறத்திலும் பிறகு பாசி நிறத்திலும் இருந்தது. வலையால் இலையை அரித்தார்கள். குளோரின் வாடை துணியிலெல்லாம் ஏறியது. மோட்டார் காற்றை இழுத்துக்கொண்டு நின்றபோது திருமூர்த்தி குனிந்து குழாயைக் கழற்றினார். "குனியாதீங்க" என்ற சொல் அவள் தொண்டை வரை வந்து நின்றது. ஒருமுறை வெளியேயும் வந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் மாவு கரைக்கப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை தண்ணீரில் அடி தெரிந்தது. திருமூர்த்தி கண்மணியோடு இறங்கினார். முங்கி எழுந்து, மெல்ல ஒரு சுற்று நீந்தினார். சாந்தாமணி துண்டோடு ஏணியருகே நின்று அவர் தலை மேலே வரும் ஒவ்வொரு தடவையும் மூச்சு விட்டாள்.

"நீயும் வா. இல்லீன்னா கடைக்காச்சும் போ," என்றார் அவர். "காவக்காரியாட்டம் நின்னா எனக்கு நீஞ்ச வரமாட்டீங்குது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவள் துண்டை ஏணியில் போட்டுவிட்டுக் காரை எடுத்தாள்.

பக்கத்து ஊரான ஐசலினில் இந்தியக் காய்கறிக் கடைக்கு வெளியே, எஞ்சினை அணைத்த பிறகும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். திரும்பிவிடலாமா என்று இருந்தது. இறங்கி உள்ளே போனாள். வெண்டைக்காய் அன்றுதான் வந்திருந்தது. கூட்டத்துக்குள் இடம் பிடித்து, நுனியை ஒடித்து ஒடித்துப் பார்த்து, பிஞ்சாகப் பொறுக்கிப் பையை நிரப்பினாள். பக்கத்தில் நின்ற குஜராத்தி அம்மாள் அவள் பொறுக்கியதிலேயே கை வைக்கப் போக, பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

தராசில் வைத்தபோதுதான், இவ்வளவு நேரமாக அவர் நினைப்பே வரவில்லை என்பது உறைத்தது. ஒரு கணம் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கொத்தமல்லி நன்றாக இருந்ததால் அதிலும் ஒரு கட்டு எடுத்துக்கொண்டாள்.